பச்சைப் புள்ளிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்

அத்தியாயம் 11

ஏரியின் நடுவில் தேனீ மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள்.

தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அவளைச் சுற்றி வெள்ளை ரோஜாக்கள். காம்பு கிடையாது, இலை கிடையாது, தலை மட்டும். ஒவ்வொன்றாக வந்து காதோரம் முட்டிவிட்டு மெல்ல ஒதுங்கிப் போயின. அக்கரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு என்று கேட்க அவளுக்கு ஆசையே வரவில்லை. இப்படியே கிடந்துவிடலாம் என்று நினைத்த நிமிஷம் பார்த்து ஏரி கொதிக்க ஆரம்பித்தது.

கண்ணைத் திறந்தாள். நைட்டி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தலையணையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கணவர், காதை மூடிய கம்பளிக் குல்லாவும் போர்வையுமாக ஒரு மூட்டையாகக் கிடந்தார். ஊரில் பாதிக் கடைகளுக்குக் குளிர் ஊட்டுகிற ஏசி மெக்கானிக் அவர். சொந்த வீட்டில் ஃபேன் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலே தும்மல் வந்துவிடும்.

"ஃபேனைக் கொஞ்சம் குறையேன்" என்றது குல்லா.

"குறைச்சா நான் ஆவியாப் போயிடுவேன். பரவாயில்லையா?"

குல்லா யோசித்தது. "அப்ப ஓடட்டும்."

தேனீ என்பதும் அவர் வைத்த பெயர்தான். கல்யாணமான புதிதில், வாய்க்குள் ஏதோ ராகத்தை முனகிக்கொண்டே அவள் பூவுக்குப் பூ தாவி வேலை செய்வதைப் பார்த்து மயங்கி வைத்தது. கொட்டவும் செய்வாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பெயரை மாற்ற நேரம் கடந்துவிட்டது.

போன வாரம் அவர் பிடித்த பிடியில்தான் தேனீ அந்த லேடி டாக்டரிடம் போனாள். திடீர் திடீரென்று உடம்பு அடுப்பாகிறது, தூக்கம் அறுந்து அறுந்து வருகிறது, நாக்கு நுனியில் இருக்கிற வார்த்தை வெளியே வரமாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மாதவிடாய் நிக்கிற காலம்மா இது. நோய் இல்ல. நோய் இல்லைங்கறதுக்காக அவஸ்தைப்பட்டே தீரணும்னு சட்டமும் இல்ல."

காட்டன் துணி போடச் சொன்னார், வேண்டும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்கிற மாதிரி இரண்டு அடுக்காக. நடக்கச் சொன்னார். சாயந்தரக் காபிக்குத் தடை போட்டார். பிரஷரும் ரத்தமும் பார்த்துக்கொண்டு வந்தால் மாத்திரை தேவையா, எது ஒத்துவரும் என்று பேசி முடிவு செய்யலாம் என்றார். தேனீ காபியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆனால் டாக்டரிடம் சொல்லாத வைத்தியம் ஒன்றும் அவளிடம் இருந்தது. அதுதான் இன்றைக்கு எல்லா வம்பையும் இழுத்துக்கொண்டு வரப்போகிறது.

*

தேனீயும் அவள் நாத்தனாரும் சேர்ந்து நடத்துகிற பூக்கடையின் பின்பக்கம் ஒரு குளிர் அறை உண்டு. கணவர் கையால் போட்டுக்கொடுத்தது. கனத்த கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினால், தெரு அப்படியே நின்றுவிடும்.

வாளி வாளியாக ரோஜாவும் லில்லியும் தலைநீட்டி நிற்கும். ஈர இலை வாசனை. எங்கோ ஒரு சொட்டு விழுகிற சத்தம். தேனீ ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். உள்ளுக்குள் எரிகிற சூடு முதலில் கழுத்திலிருந்து இறங்கும், பிறகு காதிலிருந்து. அப்புறம் உடம்பு என்ற ஒன்றே இல்லாததுபோல் லேசாகிவிடும். கண்ணை மூடினால் பூக்கள் தன்னைச் சுற்றி மூச்சுவிடுவது கேட்கும் என்று அவள் சத்தியம் செய்வாள். மறந்துபோன வார்த்தைகள்கூட அங்கேதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

கதவோரம் சுவரில் ஒரு குமிழ். எவ்வளவு குளிர் வேண்டும் என்று அதைத் திருகி வைக்க வேண்டும். பூவுக்கு ஏற்ற இடத்தில் கணவர் பச்சைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். தாங்க முடியாத காலை வேளைகளில் தேனீ அந்தக் குமிழைப் பச்சைப் புள்ளியிலிருந்து குளிர் கூடுகிற பக்கம் ஒரே ஒரு கோடு தள்ளி வைப்பாள். ஆறியதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவாள். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குக் காலையில் கடையின் பின்வாசல் வழியாக வந்து குளிர் அறைக் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏதோ தப்பாகப் பட்டது. வாசனையே இல்லை. மெஷினுக்கு நேராக நின்ற லில்லி வரிசை முழுக்க, வேகவைத்துப் பிழிந்த மாதிரி தொங்கியது. ரோஜாக்களின் வெளி இதழெல்லாம் கண்ணாடிபோல் மினுங்கி, ஓரம் கறுத்திருந்தது. தொட்டால் மொறுமொறுவென்றது.

குமிழைப் பார்த்தாள். கடைசிக் கோட்டில் நின்றது. பூவெல்லாம் ராத்திரியே உறைந்துபோயிருக்கிறது.

  நேற்றுக் காலை ஒரு கோடு தள்ளியது நினைவில் இருக்கிறது. திருப்பி வைத்தது? வைத்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சாவியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா, எதிரே நிற்பவர் பெயர் என்ன என்று எதுவுமே இப்போதெல்லாம் 'வைத்த மாதிரி' தானே இருக்கிறது? ஒரு கோடு என்று நினைத்துக் கடைசிவரை திருகிவிட்டோமோ?

சாயந்தரம் புது ஓட்டல் திறப்பு. வாசலிலிருந்து வரவேற்பு அறைவரை பூ அலங்காரம் இவர்கள் கடைதான். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த ஆர்டர். அதற்கான பூ முழுவதும் கண்முன்னே செத்துக்கிடந்தது.

வாசலில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. தேனீயின் கை தானாகவே குமிழைப் பிடித்துப் பச்சைப் புள்ளிக்குத் திருப்பியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று மனசு சொன்னது. கைக்குக் காது ஏது?

*

நாத்தனார் உள்ளே வந்தாள். கணவரின் தங்கை. நாற்பத்திரண்டு வயது, கறார் பேர்வழி. பூவின் காம்பை வெட்டுகிற மாதிரியே பேச்சையும் வெட்டுவாள். வெயிலோ மழையோ, தோளில் ஒரு கறுப்புச் சால்வை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது.

எதிர்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட கதையும், மனைவியை இழந்தவர் என்பதும், "வீட்ல ஒரு குழந்தைச் சத்தம் கேக்கணும்னு ஆசை" என்று அவர் கூச்சத்தோடு சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்றிருந்தாள் நாத்தனார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அவள் லில்லியைப் பார்த்தாள். ரோஜாவைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"என்ன அண்ணி இது?"

"வந்து திறந்தா... இப்படி இருக்கு."

நாத்தனார் குமிழைப் பார்த்தாள். பச்சைப் புள்ளியிலேயே இருந்தது. ஒரு கணம் எதையோ சொல்ல வாயெடுத்தவள்போல் நின்றாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டாள்.

"நாப் சரியாத்தான் இருக்கு. அப்ப மெஷின்தான். போன மாசம்தானே அண்ணன் சர்வீஸ் பண்ணாரு? பெரிய சர்வீஸ்!"

கையில் போனை எடுத்துவிட்டாள். தேனீ வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை அதற்கு மறதி காரணமில்லை.

கணவர் கருவிப் பையோடும் ஸ்வெட்டரோடும் வந்து சேர்ந்தபோது தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவன்னு நம்பினதுக்கு நல்லாப் பண்ணிட்ட அண்ணா. வெளி ஆளா இருந்திருந்தா பயந்து பயந்து வேலை பாத்திருப்பான்."

"பாக்கறேம்மா, பாக்கறேன்."

"கதவுக்கு வெளிய டிகிரி காட்டற பெட்டி செத்து எவ்வளவு நாளாச்சு? மாத்து மாத்துன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஊர்ல இருக்கறவன் மெஷினுக்கெல்லாம் இன்னிக்கே ரிப்பேர். நம்ம மெஷினுக்கு மட்டும் எப்பவும் நாளைக்கு!"

 உண்மை அது. அவர் நேராக உள்ளே போய் மெஷினைப் பிரித்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? தேனீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கழுத்துக்குக் கீழே இருந்து அந்தச் சூடு கிளம்பியது. மேல்சட்டையைக் கழற்றினாள். ஓடிப்போய் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தில் இப்போது கணவர் மண்டியிட்டிருந்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சூடு உச்சிக்கு ஏறியது. அதன் நடுவே விடியற்காலை ஏரி மறுபடி வந்தது. வெள்ளைத் தலைகள். காம்பில்லாமல், இலையில்லாமல், அசைந்து அசைந்து.

கண்ணைத் திறந்தாள். "தண்ணி" என்றாள்.

"குடிங்க, அங்கதான இருக்கு" என்றாள் நாத்தனார் எரிச்சலாக.

"குடிக்க இல்லம்மா. மிதக்கவிடலாம். காம்புதானே போச்சு, வெளி இதழ்தானே கருகிப்போச்சு? உள்ள பாரு." தேனீ ஒரு ரோஜாவை எடுத்து, கறுத்த இதழ்களை ஒவ்வொன்றாக உரித்தாள். உள்ளே முஷ்டி அளவுக்கு வெள்ளை வெளேரென்று, எதுவும் நடக்காததுபோல் ஒரு பூ இருந்தது. "தலையை மட்டும் வெட்டுவோம். அகலமா கண்ணாடித் தொட்டி வாடகைக்கு எடுத்து, நிறையத் தண்ணி, அதுல பூ. வாசல்லருந்து உள்வரைக்கும் ஏரி மாதிரி."

நாத்தனார் பூவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "இது எங்க பாத்தீங்க?"

"கனவுல."

"விளையாடாதீங்க அண்ணி" என்றாள். ஆனால் கத்திரியை எடுத்துவிட்டாள்.

*

மத்தியானம்வரை இருவரும் நிமிரவில்லை. இதழ் உரிப்பதும் தலை வெட்டுவதுமாக மேஜையடியில் கறுத்த இதழ்கள் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்தன. நாத்தனார் நடுநடுவே ஆர்டர் அட்டையை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டாள். "பதற்றம்" என்று தானே காரணமும் சொன்னாள். கல்யாணக் கலக்கம் என்று தேனீ நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்குப் போனபோதுதான் கணவரின் குரல் கேட்டது. சுவரோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பால் பண்ணைக் குளிர் அறை வேலைக்கு நான் வரலீங்க... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேற நல்ல ஆளா பாத்துக்குங்க. எவ்வளவு பால் அங்க நிக்கும்... எனக்கு இப்ப கை மேல நம்பிக்கை இல்ல."

தேனீயின் கையில் குடம் அப்படியே நின்றது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். "மூணு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு கோளாறும் கிடைக்கல. கோளாறு இருந்து நான் கண்டுபிடிக்கலன்னா அது எவ்வளவு பெரிய கோளாறு? கண்ணு மங்கிடுச்சோ என்னவோ. எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்கில்ல?"

அவர் கையால் வைத்த மெஷின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது ஒன்றுதான் அந்த மனுஷரின் ஆணவம். அதைத்தான் காலையிலிருந்து மேஜையடியில் உரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தேனீக்கு உறைத்தது.

"மெஷின்ல ஒண்ணுமில்லங்க" என்றாள். "நான்தான்."

"என்ன நீ?"

"காலைல சூடு தாங்கலன்னா நான் அங்க போய் உக்காந்துக்குவேன். நாப்பை ஒரு கோடு தள்ளி வெப்பேன். ஆறினதும் திருப்பிடுவேன். இன்னிக்கு வந்து பாத்தா கடைசிக் கோட்ல இருந்துச்சு. பயந்துபோய் நானே திருப்பிட்டேன். நீங்க திட்டு வாங்கினப்ப வாயைத் திறக்கல. என்னை என்ன வேணா சொல்லுங்க, ஆனா அந்தப் பால் பண்ணைக்கு மட்டும் போன் பண்ணுங்க." அழுகை வந்துவிட்டது. "எனக்கு மூளையே மழுங்குதுங்க. என்ன பண்றோம்னே தெரியாம பண்றேன். அதான் பயமா இருக்கு."

அவர் கோபப்படவில்லை. குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"ஒரு கோடு தள்ளினா ரோஜா சாகாது. சொகுசா தூங்கும்" என்றார். "கடைசிக் கோடுன்னா ராத்திரி முழுக்க ஓடியிருக்கணும். சரி, திருப்பி வெக்கணும்னு தினமும் உனக்கு எப்படி ஞாபகம் வரும்? உப்பு போட்டியான்னு கேட்டாலே முழிக்கிற ஆளாச்சே."

"அதுக்குத்தான் க்ளிப். நாப்பைத் தள்ளினதும் தலை க்ளிப்பைக் கழட்டி அதுலயே மாட்டிடுவேன். திருப்பி வெச்சாத்தான் க்ளிப் தலைக்கு வரும். தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு கடைக்கு வெளிய வர முடியாதே."

"எந்த க்ளிப்? நண்டு மாதிரி ஒண்ணு இருக்குமே, பழுப்பா?"

"ஆமா."

"நேத்து ராத்திரி சோபால அது மேலதான உக்காந்தேன்? ஐயோன்னு எழுந்திரிச்சேனே. இன்னும் வலிக்குது."

தேனீ அழுகையை நிறுத்தினாள்.

கை தானாகப் பின்னந்தலைக்குப் போயிற்று. நண்டு அங்கேதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்று அது தலையோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் குமிழ் பச்சைப் புள்ளிக்குத் திரும்பியிருக்கிறது. அவள் மறக்கவில்லை. அவள் மூளை அவளை ஏமாற்றவில்லை.

நின்ற இடத்திலேயே தரை கொஞ்சம் மிதந்தது. இத்தனை நாள் தன் தலைக்குள்ளேயே ஒரு திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்திருந்தாள். போகட்டும், இந்தத் திருட்டு அவன் செய்ததில்லை.

"அப்ப யாரு?" என்றார் கணவர்.

கேட்ட வேகத்திலேயே இருவரும் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று இருட்டும் நேரத்தில் கடையைச் சாத்தியவள், அங்கே ரோஜாத் தலைகளை எண்ணெய் விளக்கு ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தித் தொட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டர் அட்டை மறுபடி முகத்துக்கு நேரே ஆடியது.

"நான் கேக்கறேன்" என்று கிளம்பினார்.

தேனீ அவர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். "நீங்க கேட்டா விசாரணை ஆயிடும். நீங்க முதல்ல பால் பண்ணைக்குப் பேசுங்க. இதை நான் பாத்துக்கறேன்."

*

சாயந்தரம் ஓட்டல் வாசலில் ஏரி விரிந்தது. அகலத் தொட்டிகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு உள்ளே போயின. தண்ணீரில் விளக்கொளி, அதன்மேல் வெள்ளைத் தலைகள். வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மேனேஜர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "லில்லின்னுதான பேசினோம்?" என்றார். "இது அதைவிட நல்லா இருக்கு" என்று அவரே முடித்துக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கணவர் வேனில் ஏறி உட்கார்ந்து தும்மினார்.

தேனீ தொட்டியோரம் இன்னும் நின்றாள். காலையில் கண்ட கனவின்மேல் இப்போது ஊரே நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பூ மெல்ல வந்து தொட்டியின் ஓரத்தில் முட்டிவிட்டு ஒதுங்கியது. விழித்துக்கொண்டுதான் இருக்கிறோமா என்று ஒருமுறை க்ளிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பினால் கல்லாவில் ஆள் இல்லை. குளிர் அறைக் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

உள்ளே நாத்தனார் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். தோளில் சால்வை இல்லை. ஆணியில் தொங்கியது. ரவிக்கை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருக்க, கன்னத்தைத் தகரச் சுவரில் பதித்துக் கண்ணை மூடியிருந்தாள். எதற்காக அந்தச் சால்வை எப்போதும் தோளில் கிடந்தது என்று தேனீக்கு இப்போது விளங்கியது. குளிருக்காக அல்ல, வேர்வையை மறைக்க.

குமிழ் பச்சைப் புள்ளியிலிருந்து ஒரே ஒரு கோடு தள்ளியிருந்தது.

கதவுச் சத்தத்தில் கண்ணைத் திறந்தவள் பதறி எழுந்தாள். "நான் சும்மா... பூ பாக்க..."

"உக்காரு" என்றாள் தேனீ. இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டுப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். "உனக்குச் சாயந்தரமா? எனக்குக் காலைல."

நாத்தனார் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. பிறகு அந்தக் கறாரான முகம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

"நேத்து உள்ள இருந்தப்ப அவர்கிட்டருந்து போன் வந்துச்சு அண்ணி. நாளைக்குப் பதில் சொல்றேன்னீங்களேன்னு. என்ன பேசினேன்னே தெரியல. நாப்பைக் கடைசிவரைக்கும் திருகி வெச்சிருந்தேன், அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். காலைல வந்து பாத்தா நாப் சரியா இருக்கு. நான்தான்னு சொல்ல வந்தவ, அது சரியா இருக்கறதைப் பாத்ததும்... அப்பாடா, மெஷின்தான்னு நம்பிட்டேன். நம்பணும்னு ஆசை. அண்ணனை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

"அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. காலைல நாப்பைத் திருப்பி வெச்சவ நான்தான், அதை மத்தியானமே சொல்லிட்டேன்."

"ஏழு மாசமாச்சு அண்ணி, எனக்கு நின்னு." சால்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு வந்தா வயசுன்னு சொல்லிட்டுப் போகலாம். எனக்கு வந்தா அதுக்கு என்ன பேரு?"

 எவ்வளவு நாளாக ஒரே வாளியில் காலையும் மாலையும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரே கடை, ஒரே கதவு, ஒரே நெருப்பு. ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாமல் பூவைச் சாகடித்ததுதான் மிச்சம்.

"பேரை நீயா வெக்காத" என்றாள் அவள் கையைப் பிடித்து. "நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு பேரும். உன் வயசுக்கு டெஸ்ட் எடுத்துத்தான் பாக்கணும்பாங்க. தைராய்டுகூட இப்படிப் பண்ணுமாம்."

"அதுவா இல்லாம, இதுவாவே இருந்தா?"

"இருந்தா, அதுக்கும் வைத்தியம் இருக்கு. சால்வை வைத்தியமும் வாளி வைத்தியமும் நம்ம கண்டுபிடிச்சது. படிச்சவங்க கைல இன்னும் நல்லதா இருக்கும்."

நாத்தனார் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். உடனே முகம் மறுபடி இருண்டது. "அவர் குழந்தைச் சத்தம் கேக்கணும்னாரே அண்ணி."

 தேனீ அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொட்டுச் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த ரோஜாக்கள் சுற்றிலும் மூச்சுவிட்டன. இருவர் உடம்பிலிருந்தும் சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் கண்ணாடிக் கதவின் மணி ஒலித்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் தன் கடை மேஜைக்கு ஒற்றைப் பூ வாங்க வருகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான். அந்த ஒரு பூவைப் பொறுக்க அரை மணி எடுத்துக்கொள்கிற மனுஷருக்குப் பூமேல் எவ்வளவு கவனம் இருந்தது என்பது தெருவுக்கே தெரியும்.

நாத்தனார் எழுந்தாள். ஆணியிலிருந்து சால்வையை எடுத்தாள். போர்த்தப் போனவள் நின்றாள்.

"டெஸ்ட் என்ன வேணா சொல்லட்டும் அண்ணி. இதை மறைச்சுக்கிட்டு என்னால சரின்னும் சொல்ல முடியல, முடியாதுன்னும் சொல்ல முடியல."

சால்வையை மடித்துத் தேனீயின் மடியில் வைத்துவிட்டு, நனைந்த முதுகோடு அப்படியே வெளியே போனாள். போகிற போக்கில் குமிழைப் பச்சைப் புள்ளிக்குத் திருப்ப மறக்கவில்லை.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஒரு விரல் அளவு இடைவெளி. தேனீ சால்வையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். எழுந்து போகத்தான் கால் வரவில்லை.

"உக்காருங்க" என்றது நாத்தனாரின் குரல். "பூவை அப்புறம் பொறுக்கலாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு வெட்டாத, அடங்கிய பேச்சு. அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக அவள் கேட்டதே இல்லை. பேச்சு முடிந்தது.  தெருவில் ஒரு வண்டி போயிற்று.

மறுபடி செருமல். "இதுல..." என்று ஆரம்பித்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

தேனீ மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நொடி பார்த்துத் தலைக்குமேல் ஊம் என்று மெஷின் ஓட ஆரம்பித்தது. அறை முழுவதும் அதன் சத்தம் நிறைந்தது. அவர் பேசுவது கதவிடுக்கில் தெரிந்தது, உதடு அசைந்தது, கை ஏதோ சொன்னது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அவள் எழுந்து குமிழைத் திருகிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள்.

பாழாய்ப்போன மெஷின், ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது.